என் கணவரின் முதுகு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் உட்காரவே இல்லை. பவானிபூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய சோபா இருந்தது. உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடுவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதில் புதைந்தபடி கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம். அப்பா உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "ஏட்டி, உக்காரவே மாட்டேங்காரே. நம்ம வீட்டு சோபா அவருக்கு ஆகாதாமா?" என்றாள். அம்மா தூத்துக்குடிக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி கொல்கத்தா வந்து எத்தனையோ வருஷமாகியும் அவள் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் தமிழர்கள்தாம், ஜோலார்பேட்டைப் பக்கம். அவருடைய அப்பா சாந்த்ராகாச்சி யார்டில் வேலை பார்த்து, அங்கேயே ரயில்வே குடியிருப்பில் குடும்பத்தை வளர்த்தவர். மகனும் ரயில்வேதான், முன்பதிவு அலுவலகத்தில்.

எங்கள் இருவரையும் பேசிக்கொள்ளட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினார்கள். கீழே பஸ்ஸும் ஆட்டோவும் போட்ட சத்தத்தில் அவர் கொஞ்சம் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த சோபால உட்கார்ந்தா எனக்கு எந்திரிக்க நேரமாகும். எல்லார் முன்னாடியும் அது வேணாம்னுதான்" என்றார். பிறகு, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப்போல, "நான் ஃபாஸ்ட் பௌலரா இருந்தேன். முதுகு ரெண்டு வாட்டி உடைஞ்சிருச்சு. சிலிண்டர், அரிசி மூட்டை, சூட்கேஸ், எதையும் என்னால தூக்க முடியாது. தரகர் இதைச் சொல்லியிருக்க மாட்டாரு" என்றார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். குறட்டை விடுவேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். நான் சரியென்று சொன்னதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கல்யாணமாகி காளிகாட்டில் ஒரு இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோனோம். என் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கும் அவருடைய வேலைக்கும் மெட்ரோ வசதி. முதல் மாதங்களில் எங்களுக்குள் ஒரு விசித்திரமான பழக்கம் வந்தது. சாதாரணப் பேச்செல்லாம் தமிழில், சண்டை மட்டும் வங்காளத்தில். தமிழில் நான் அவரை 'நீங்க' என்றும் அவர் என்னை 'நீ' என்றும் சொல்லியே பழகிவிட்டோம். வங்காளத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'துமி' என்றுதான் சொல்வார்கள். நீயும் இல்லை, நீங்களும் இல்லை, நடுவில் ஒன்று. சண்டை போட அதுதான் தோதான சொல். இருவரும் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனவர்கள் என்பதால் நாக்கும் அதற்குத் தயாராக இருந்தது.

சிலிண்டரை நான்தான் உருட்டினேன். தண்ணீர் கேனை நான்தான் கவிழ்த்தேன். அவர் நின்றுகொண்டு செய்யக்கூடியதையெல்லாம் எடுத்துக்கொண்டார்: சமையல், துணி மடிப்பது, இஸ்திரி. செய்தித்தாளைக்கூட அலமாரி மேல் விரித்து நின்றபடிதான் படிப்பார். குளிர்காலக் காலையில் படுக்கையிலிருந்து எழ முதலில் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, கால்களைக் கீழே விட்டு, கொஞ்சம் இருந்து, பிறகுதான் எழுவார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

கிரிக்கெட்டைப் பற்றி அவர் பேசியதே இல்லை. எங்கள் தெருவில் பெரிய ஆட்டம் நடக்கிற நாளில் வீட்டுக்கு வீடு டிவி அலறும். விக்கெட் விழுந்தால் சுவரே அதிரும். அவர் அப்போது ஈரத்துணி வாளியோடு என்னை முன்னால் நடக்கச் சொல்லி மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு துணியாக உதறி, மடிப்பு இல்லாமல் காயப்போடுவார். கீழே சத்தம் எழும்போது ஒரு நொடி கை நிற்கும். அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்றும், சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்றும் எனக்குத் தோன்றியது.

அவர் யாராக இருந்தார் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் சந்து முனை மருந்துக்கடைக்காரர். வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் பட்டையும் வாங்க நான் அடிக்கடி போவேன். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி என்னை 'பௌதி' என்பார், அதாவது அண்ணி. யாருக்கு இவ்வளவு வலி என்று ஒருநாள் கேட்டார். வீட்டுக்காரருக்கு, முன்பு கிரிக்கெட் விளையாடினார் என்றேன். எந்த கிளப் என்றார். அவருடைய பழைய பையில் எழுதியிருந்த பெயரைச் சொன்னேன். உயரமா, தமிழரா, சாந்த்ராகாச்சியிலிருந்து வருவாரா என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் கல்லாவை விட்டு வெளியே வந்து வலது கையை என் முன்னால் நீட்டினார். ஆள்காட்டி விரல் நுனிக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"பௌதி, இது உங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்றார். கோயில் பிரசாதத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

அவர் அந்தக் காலத்தில் லீக் ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராம். குட் லெங்த்தில் விழுந்த பந்து எழும்பி, பேட்டின் கைப்பிடியோடு சேர்த்து விரலை நசுக்கியதாம். கடைக்கு வந்த ஆட்களையெல்லாம் காக்க வைத்துவிட்டு அவர் சொல்லிக்கொண்டே போனார். பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கிற மைதானில் என் கணவர் ஓடிவரத் தொடங்கினால் பக்கத்து ஆட்டத்தில் பீல்டிங் செய்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் வலது உள்ளங்கையைத் தொடையில் ஒருமுறை துடைப்பாராம். அது ஒன்றுதான் அவரிடம் இருந்த மெதுவான செய்கை என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எந்த விரல் என்று கேட்டார். சொன்னேன். இன்னும் வளைந்தா இருக்கிறது என்றார். மறுநாள் அலுவலகத்திலிருந்து நேராக அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனவரை மருந்துக்கடைக்காரர் கட்டிப்பிடித்து, கடையை மூடும்வரை விடவில்லை. அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது முகம் களைத்திருந்தது, ஆனால் கொஞ்சம் சின்னப் பையனாகவும் இருந்தது.

மீதியை என் மாமனார்தான் சொன்னார். சாந்த்ராகாச்சியில் வண்டிகள் கோத்து நிற்கிற யார்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல். அங்கே டென்னிஸ் பந்தில் தொடங்கியது. பதினாறு வயதில் ஒரு கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பத்தொன்பதில் மாநில அணியின் முகாம். இருபதில் மாநிலத்துக்காக இரண்டு ஆட்டம். பேப்பரில் போட்டோ வந்தது. அடுத்த பெரிய வேகப்பந்து வீச்சாளர் என்று எழுதினார்கள். அப்போதே இடுப்புக்கு மேலே ஒரு வலி இருந்திருக்கிறது. சொன்னால் இடம் போய்விடும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு பந்து வீசினார். முதுகெலும்பில் மயிரிழைபோல ஒரு விரிசல், அதன் மேல் தினமும் ஓடிவந்து குதித்தார். ஒரு பனிக்காலக் காலையில் பந்தை விட்டதும் அப்படியே முகங்குப்புற விழுந்தார். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பெல்ட், மறுபடியும் பயிற்சி. அவசரப்பட்டு மறுபடியும் ஓடிவந்தார். மறுபடியும் உடைந்தது. பந்து வீசுவது, நடப்பது, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு இருபத்திரண்டு வயது.

"கடைசியா போட்ட பந்து வைடும்மா" என்றார் மாமனார். சிரிக்கத்தான் பார்த்தார். "ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க, இவன் அம்பயரைப் பார்த்து அது வைடு இல்லேன்னு சொல்லிக்கிட்டே போறான்."

விளையாட்டு வீரருக்கான இடத்தில் கிடைத்த வேலைதான் ரயில்வே வேலை. விளையாட்டு போனபின் அதே இடத்தில் எழுத்தராக நீடித்தார். அவரோடு முகாமில் இருந்தவர்கள் சிலர் பெரிய ஆட்டங்களுக்குப் போனார்கள். அவர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றார். நிற்கத் தோதாக ஒரு உயரமான மேசை கேட்டு வாங்கியிருந்தார், அவ்வளவே அவர் கேட்டது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் நான் கருவுற்றேன். அம்மா பவானிபூரிலிருந்து தினமும் எதையாவது கட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கும் சந்தோஷம்தான். எனக்காக இஞ்சியும் எலுமிச்சையும் தேடி அலைந்தார். ஆனால் நாளாக நாளாக அவர் பேச்சு குறைந்தது. எதையோ மனதுக்குள் கணக்குப் போடுகிறவர் மாதிரி நடமாடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களையில் தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினேன். அவர் தரையில் மண்டியிட்டு, நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோதுமை மாவுப் பை கிழிந்து கொட்டிக் கிடந்தது. அவரால் எழ முடியவில்லை. வயிற்றோடு என்னால் அவரைப் பிடிக்கவும் முடியாது. கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அவரைத் தரையிலேயே மெல்ல நிமிர்த்திப் படுக்கவைத்தோம். மருந்துக்கடைக்காரர் ஊசி போடுகிறவரை அழைத்துவந்தார்.

எல்லோரும் போனபின் நான் அவர் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். எதற்கு அந்தப் பையைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன்.

கூரையைப் பார்த்தபடி, "அஞ்சு கிலோ. குழந்தை ரெண்டு மூணு மாசத்துல அதைத் தாண்டிரும். என்னால தூக்க முடியுமான்னு பார்த்தேன்" என்றார்.

அவர் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். கை முழுக்க மாவு.

பவானிபூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா இருக்கிறார், அந்தக் கால கிளப் ஆட்களையெல்லாம் பார்த்தவர், அவரிடம் போகச் சொல்லுங்கள் என்று மருந்துக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். இவர் கேட்டதுமே மாட்டேன் என்றார். முதல் முறை உடைந்தபின் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தாராம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார். அந்த அறையும் அந்த மெத்தையின் வாசமும் நினைவுக்கு வரும், வேண்டாம் என்றார். நான் விடவில்லை. பேச்சு வங்காளத்துக்கு மாறியது.

"பந்து போடறதுக்காகவா போகச் சொல்றேன்? பிள்ளையைத் தூக்கறதுக்குப் போ."

'துமி' போட்டுத்தான் சொன்னேன். தமிழில் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எல்லோரும் 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். இவரைப் பார்த்ததும் இத்தனை வருஷம் எங்கே போனாய் என்றெல்லாம் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, மெத்தையைக் காட்டி, படு என்றார். முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

அவர் உடை மாற்றப் போனபோது தீதி என்னிடம் பேசினார். அன்றைக்கு இவர் பயிற்சி செய்யாமல் கெடுத்துக்கொள்ளவில்லை, செய்துதான் கெடுத்துக்கொண்டார் என்றார். பத்து செய்யச் சொன்னால் முப்பது செய்வார். ஆறு வாரம் என்றால் மூன்று வாரத்தில் ஓடிப் பார்ப்பார். அணித் தேர்வு நெருங்கிக்கொண்டே இருந்தது, பாவம், அந்த வயதில் யாரால் காத்திருக்க முடியும் என்றார். குழந்தை எப்போது என்று கேட்டார். மழைக்காலத்தில் என்றேன். அப்படியானால் இவருக்கு வேண்டிய நேரம் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறொரு மனிதர் இருந்தார். கூடத்தில் பாய் விரித்து, நாலு காலில் நின்று, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டி அசையாமல் இருப்பார். நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை பாயில் ஒரே இடத்தில் விழும். முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். காய்ச்சல் வந்த நாளிலும் செய்தார். பத்து சொன்னால் பத்துதான். பதினொன்றாவதுக்கு உடம்பு தயாராக இருப்பது எனக்கே தெரியும். அவர் அதை அடக்கிக்கொண்டு எழுந்து பாயைச் சுருட்டுவார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அவர் பந்து வீசி நான் பார்த்ததே இல்லை. ஆனால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று அந்தக் காலைகளில் புரிந்தது.

தொட்டிலை இடுப்பு உயரத்துக்கு வைத்தால் குனிய வேண்டியதில்லை என்று தீதி சொல்லியிருந்தார். அதன் கால்களுக்கு அடியில் வைக்கச் செங்கல் வேண்டும். பக்கத்துச் சந்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு, தினம் ஒரு செங்கலாக அலுவலகப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒரு ஆளை விட்டா ஒரே நடையில கொண்டாந்துருவான்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, அந்தச் செங்கல்களை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். அதற்குப்பின் அவள் அவரைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மகள் ஒரு பெருமழை நாளில் பிறந்தாள். தெருவில் முழங்கால் தண்ணீர். நர்ஸ் குழந்தையை நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை. முதலில் ஒரு நேரான நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பிறகுதான் இரண்டு கைகளையும் ஏந்தினார். அதன் பிறகும் சில வாரங்கள் யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் வாங்குவார். தானாகத் தூக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டு இறங்கி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் தொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கால்களை அகற்றி வைத்தார். வலது உள்ளங்கையை லுங்கியில், தொடைப் பக்கம், ஒருமுறை துடைத்தார். மூச்சை இழுத்து விட்டார். முழங்காலை மட்டும் மடித்து, ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, முதலில் குழந்தையை நெஞ்சோடு சேர்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் பனியனை வாயால் தேடினாள்.

என்னைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல" என்றார்.

நான் துணிகளைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் போகவில்லை. போயிருந்தால் இருவரும் அழுதிருப்போம். அவர் அவளை ஜன்னலுக்குக் கொண்டுபோய் மழை நின்ற தெருவைக் காட்டினார். வெகுநேரம் இறக்கவே இல்லை. அவர் உள்ளங்கையைத் துடைத்ததை நான் பிறகு மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் திரும்பி அலமாரியில் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மீதிச் சில்லறை கொடுக்கவும் மறந்துபோனார்.

அதன்பின் அவளைத் தூக்கிக்கொண்டு அவர் போகாத இடமில்லை. மீன் கடை, கோயில் சந்து, பூஜைப் பந்தல், சாந்த்ராகாச்சியில் தாத்தா வீடு. அப்படி ஒரு நாள் மாலை நடந்து திரும்பும்போது, அவள் தோளில் தூங்கிவிட்ட நேரம், நான் கேட்காமலேயே சொன்னார். அவருக்கு விக்கெட்டோ பேப்பரில் வந்த போட்டோவோ நினைவுக்கு வருவதில்லையாம். பந்தை விடுவதற்கு முந்தைய கடைசி நாலு அடி மட்டும்தான். "அப்போ கால் தரையில படுதான்னே தெரியாது. யார் கத்தினாலும் காதுல விழாது. அது மட்டும் இன்னொரு வாட்டி கிடைச்சா நல்லா இருக்கும்" என்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வலி முழுசாகப் போய்விடவில்லை. குளிர்காலத்தில் இன்றைக்கும் புரண்டுதான் எழுகிறார். மகளுக்கு நாலு வயது நடக்கும்போது, இனி இவளைத் தூக்க வேண்டாம், கனம் கூடிவிட்டது என்று தீதி சொன்னார். அதை அவரே மகளிடம் சொன்னார். அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி தரையில் உட்கார்ந்து சொன்னார். உன் முதுகு உடைந்துவிடுமா என்று அவள் கேட்டாள். உடையாது, ஆனால் வலிக்கும் என்றார். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். அப்புறம் பின்னால் போய், பூனையைத் தடவுகிற மாதிரி அவர் முதுகைத் தடவினாள். அன்றிலிருந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம், "பாபா, நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்" என்று அவர் விரலைப் பிடித்துக்கொள்கிறாள்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. கிரிக்கெட்டில் ஈடுபாடு கிடையாது. படம் வரைவாள், எதிர்வீட்டு நாயோடு வங்காளத்தில் பேசுவாள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சூரிக்காக, உள்ளே வைத்துப் பொரிக்க, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவர் நின்றபடி, நானும் அவளும் தரையில். அவள் 'காக்கு', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிற மருந்துக்கடைக்காரர் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்.

"அம்மா, பாபா ரொம்ப ஃபாஸ்டா?" என்று கேட்டாள்.

நான் பார்த்ததில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், கையிலிருந்த பட்டாணித் தோலைப் பிரித்துக்கொண்டே, "ஆமாடா. நல்ல ஃபாஸ்டு" என்றார். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஊர்ப்பெயரைக் கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

"இப்போ?"

"இப்போ இல்ல."

அவள் அதை ஒத்துக்கொண்டாள். உரித்த பட்டாணியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கிண்ணத்தில் போட்டார்.